ஈயின் பெயரும் ஆங்கிலப் பாடமும்

தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. குழந்தை ஆங்கில எழுத்துகளை அறியும். சொற்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கும். ஆயினும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அடைவதற்குள் முதற்சொல் நினைவை விட்டு நழுவிவிடும். கொழுக்கட்டை என்ற பெயரை உருப்போட்டுக்கொண்டே வந்த மாப்பிள்ளை, வாய்க்காலைத் தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ என்று கூவிப் பெயரை மறந்தானே, அந்த நிலைதான்!

இதற்கு மருந்தென்று எண்ணி, பெற்றோர் பலர் வீட்டிலும் ஆங்கிலமே பேசத் தொடங்குகின்றனர். 1923-இல் தொடங்கி, இன்று ஏழு பள்ளிகளை நடத்திவரும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் மாணவர்க்கு வகுப்பிலேனும் தமிழ் கிடைக்கும். பிற பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகளுக்கோ, வீட்டில் தமிழ் நின்றால் முற்றிலும் நின்றதேயாகும். அவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது நம் துணிபு.

கதை வழியே மொழி கற்பது புதிதன்று. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைப் பெஞ்சமின் பாபிங்டன் 1822-இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடனும் சொற்பட்டியலுடனும் வெளியிட்டார். ஆங்கிலேயர் நம் கதையால் தமிழ் பயின்றனர். நம் பிள்ளைகள் அதே வழியில் ஆங்கிலம் பயிலலாகாதா?

ஈ தன் பெயரை மறந்த கதையை எடுத்துக்கொள்வோம். ஈ கன்றைக் கேட்கிறது. பிறகு தாய்ப்பசுவை, மேய்ப்பவனை, அவன் கைக்கோலை, கோல் தந்த மரத்தை என வினா நீள்கிறது. ஒவ்வொரு முறையும் முன் வந்த பெயர்கள் அனைத்தும் வரிசையாகத் திரும்ப வருகின்றன. இதனை இரவில் தமிழில் சொல்வோம். மறுநாள் எளிய ஆங்கிலத்தில் எழுதி, முதலில் நாம் உரக்கப் படிப்போம். பின்பு குழந்தையுடன் சேர்ந்து படிப்போம். அதன்பின் குழந்தை தனியே படிக்கட்டும். பொருள் முன்பே தெரியுமாதலால் கருத்து முழுவதும் சொல்லின்மேல் நிற்கும். அதே சொற்கள் மீண்டும் மீண்டும் வரவே, கூட்டிப் படிக்கும் தொல்லை குறைந்து, நா தானே ஓடும். கடிகாரம் வைத்து விரைவை அளக்க வேண்டா.

முடிவில் மட்டும் ஒரு சிக்கல். தமிழில் குதிரை ‘ஈ’ எனக் கனைக்க, பெயர் கிடைத்துவிடுகிறது. ‘பிளை’ என்று எந்நாட்டுக் குதிரையும் கனைப்பதில்லை! இவ்விடத்தைக் குழந்தையே கண்டு நகைக்கட்டும். வேறு முடிவும் அதுவே தேடட்டும். குதிரை வாலை வீசி, ‘பறந்து போ’ என்று ஆங்கிலத்தில் விரட்டினால், அந்தப் ‘பிளை’யே ஈக்குப் பெயராகவும் அமையுமன்றோ?