கட்டுமரமும் பந்தயப் படகும்



கோலார் தங்கவயலுக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவக்கூடும். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் இரயில் வழியில் கோரமண்டல் என்று ஒரு நிலையம் இருப்பதை ஸ்கெலட்டனில் வாழும் அன்பர்கள் அறிவார்கள். சோழமண்டலக் கரைக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர் அது. அக்கரையிலிருந்து புறப்பட்ட மற்றொரு சொல் உலகையே சுற்றி வந்துவிட்டது. அதுதான் கட்டுமரம்.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி, 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில், நம் கரையோர மக்கள் மரக்கட்டைகளின் மீதமர்ந்து கடலிற் செல்வதை அச்சொல்லாலேயே குறிப்பிட்டார். இன்று ஒலிம்பிக் பந்தயங்களில் ஓடும் இரட்டை உடற் படகுக்கும் அதே பெயர்தான். கேட்டமரான் என்பர். இதனைக் கேட்டவுடன், அப்படகும் நாம் உலகிற்கு அளித்ததே என்று மார்தட்டிக்கொள்ளத் தோன்றும். பெயர் நம்முடையது, வடிவம் நம்முடையதன்று. இரண்டு ஓடங்களை இடைவெளி விட்டு இணைத்து, பாய் விரித்துப் பெருங்கடல் கடந்தவர்கள் பசிபிக் தீவுகளின் மக்கள். அவர்களுக்குரிய புகழை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் கட்டுமரத்திற்குத் தனிப் பெருமை உண்டு.

கட்டுமரத்தில் கட்டைகள் நெருக்கமாகக் கயிற்றாற் பிணைக்கப்படுகின்றன. ஆணிக்கு அங்கே வேலையில்லை. அலை ஏறினால் நீர் கட்டைகளின் இடுக்கு வழியே வடிந்துவிடும். ஆகவே இறைக்கும் தொல்லையும் இல்லை, மூழ்கும் அச்சமும் இல்லை. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவார்கள். நீரில் ஊறிய மரம் கனக்கும் அல்லவா? சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில், கப்பலுக்கும் கரைக்குமிடையே கடிதங்களைச் சுமந்து சென்றவர்கள் கட்டுமரக்காரர்கள். சீறும் அலைகளிலே கடிதங்கள் நனையாதிருக்கத் தலைக்குல்லாயில் வைத்துச் செல்வார்களாம்!

இனிப் பந்தயப் படகுக்கு வருவோம். பாய்மரப் படகைக் காற்று முன்னே தள்ளுவதோடு பக்கவாட்டிலும் சாய்க்கிறது. சாயாதிருக்க, ஓருடற் படகின் அடியில் ஈயம் போன்ற கனமான பொருளை வைப்பார்கள். அக்கனமே வேகத்திற்குப் பகை. இரட்டை உடற் படகு வேறு வழியைக் கையாளுகிறது. ஆடும் இரயிலில் நிற்பவர் கால்களை அகற்றி ஊன்றிக்கொள்கிறார் அல்லவா? அதுதான் உபாயம்.

மற்றொரு நுட்பமும் உண்டு. நீரைக் கிழித்தோடும் படகு தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் பள்ளத்திலேயே அகப்பட்டுக்கொள்கிறது. 25 அடி நீளமுள்ள சாதாரணப் படகு மணிக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டருக்கு மேற் செல்லத் திணறுவது இதனால்தான். உடலின் நீளம் அகலத்தைப் போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் இருந்தாலோ எழும் அலை மிகச் சிறிது. தடை பெரிதும் குறைந்துவிடும்.

இவ்விரு நுட்பங்களின் பயனை 1876-இல் அமெரிக்கர் ஹெரஷாஃப் நியூயார்க்கிலே காட்டினார். அவருடைய அமரில்லிஸ் என்ற படகு ஏனையவற்றை எளிதில் முந்தியது. தோற்றவர்கள் முறையிட்டார்கள், படகு தகுதியற்றதெனத் தள்ளப்பட்டது. 1988-இல் சான் டியாகோவில், அமெரிக்கக் கோப்பைக்காக நியூசிலாந்தின் பெரிய ஓருடற் படகை அமெரிக்கரின் இரட்டை உடற் படகு வென்றபோதும் வழக்கு எழுந்தது. இம்முறை நீதிமன்றம் 1990-இல் வெற்றியை உறுதி செய்தது. வேகமாக ஓடுவதே குற்றமென்றால் பந்தயம் எதற்கு என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது!

1967-இல் ராட்னி மார்ச் வகுத்த டோர்னடோ என்னும் படகு 20 அடி நீளமும் 10 அடி அகலமும் உடையது. 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் ஓடியது. 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓடிய 72 அடிப் படகுகளோ, துணிப்பாய்க்குப் பதிலாக விமானச் சிறகு போன்ற விறைத்த பாயைத் தாங்கின. நீருக்கடியில் இருந்த சிறு சிறகுகள் படகின் உடல் முழுவதையும் நீர்மட்டத்திற்கு மேல் தூக்கிவிட, அவை மணிக்கு 70 கிலோமீட்டரையும் கடந்து பறந்தன. பறந்தன என்பது இங்கு வெறும் அணியன்று.

ஆனால் இவ்வேகத்திற்கு விலையும் உண்டு. அடிக்கனமுள்ள படகு சாய்ந்தாலும் நிமிரும். இரட்டை உடற் படகு ஓர் அளவுக்கு மேற் சாய்ந்தால் கவிழ்ந்தே கிடக்கும். அந்த 2013-ஆம் ஆண்டிலேயே, பந்தயத்துக்கு முன் நடந்த பயிற்சியின்போது ஒரு படகு கவிழ்ந்து, ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சிம்சன் உயிரிழந்தார்.

நம் கரையில் இப்போது மரக்கட்டைகளைக் காண்பது அரிதாகி வருகிறது. ஏற்ற மரம் கிடைப்பது கடினம். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் உதவியாக வந்தவற்றுள் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகள். மீனவர்கள் அவற்றை 'ஃபைபர்' என்றே அழைக்கிறார்கள்.