கப்பல் அறையில் ஒரு குடும்பம்

தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கப்பல் புதிய செய்தி அல்ல. நம்மில் பலருடைய பாட்டனும் பாட்டியும் இந்த மண்ணில் கால் வைத்ததே கப்பலிலிருந்து இறங்கித்தான். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் வயதானவர்கள் முகம் நிமிர்ந்து பார்ப்பார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று பல ஆண்டுகள் போய்வந்த கப்பல் அது. அதில் அறை எடுத்துப் போனவர்கள் சிலரே. மற்றவர்களெல்லாம் தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, 'இது நம் இடம்' என்று எல்லை போட்டுக்கொண்டு நாட்களைக் கழித்தவர்கள். 1970-களில் ரஜூலாவின் இடத்துக்குச் சிதம்பரம் கப்பல் வந்தது. 1980-களின் நடுவில் அதுவும் ஓய்ந்தது. பிறகு ஊருக்குப் போகிறவர்கள் ஆகாய விமானத்தில் போகத் தொடங்கினார்கள்.

இப்போது நம் குடும்பங்கள் மறுபடியும் கப்பல் ஏறுகின்றன, காரணம்தான் வேறு. பட்டணத்தில் வேலை பார்க்கும் மகனோ மகளோ நாலு காசு சேர்த்து, "அம்மா, நீங்கள் பால் வெட்டினது போதும், ஒரு தடவை கடலைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று மூன்று இரவு உல்லாசப் பயணத்துக்குச் சீட்டு எடுத்துவிடுகிறார்கள். செலவைக் குறைக்க, நாலு பேருக்கும் சேர்த்து ஒரே அறை. பாட்டி, கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓர் அறையில் நால்வரும் எப்படிச் சௌகரியமாகவும் பத்திரமாகவும் இருப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

விளம்பரப் படத்தில் அறை மண்டபம் போலத் தெரியும். அது படம் பிடித்தவரின் சாமர்த்தியம். ஜன்னல் இல்லாத உள்ளறை என்றால், குளியலறையையும் சேர்த்து, பெரும்பாலும் 140 முதல் 170 சதுர அடிக்குள்தான் இருக்கும். பத்தடிக்குப் பத்தடி அறையும், ஒரு திண்ணையும், பின்னால் ஒரு குசினியுமாக இருந்த லயத்து வீட்டில் ஏழெட்டுப் பேரை வளர்த்து ஆளாக்கிய தாய்மார்களுக்கு இந்த அளவைக் கேட்டால் சிரிப்பு வரும். சிரிக்கலாம், ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. லயத்து வீட்டில் சாமான்களை எங்கே வைத்தோம்? கயிற்றுக் கொடியில் துணி, பரணில் பெட்டி, கட்டிலுக்கு அடியில் அரிசி டின், ஆணியில் பை. தரையை மட்டும் காலியாக வைத்தோம், இரவில் எல்லாரும் படுக்க வேண்டுமே என்று. கப்பல் அறைக்கும் அதே கணக்குத்தான். சுவரும் கட்டிலடியும் சாமானுக்கு, தரை மனிதருக்கு.

முதலில் வீட்டில் பெட்டி கட்டும்போதே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஆளுக்கொரு பெரிய பெட்டி வேண்டாம். கட்டிலுக்கு அடியில் நுழைகிற உயரத்தில் இரண்டு பெட்டிகள் நாலு பேருக்குப் போதும். மூன்று இரவுக்கு ஏழு சேலை எதற்கு? துணிகளை ஆள்வாரியாகப் பிரித்துத் தனித்தனித் துணிப்பைகளில் போட்டு, அந்தப் பைகளைப் பெட்டிக்குள் அடுக்குங்கள். பிள்ளையின் சட்டையைத் தேடப் பாட்டியின் சேலையைக் கலைக்க வேண்டிய அவசியம் வராது.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை அறை வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம், சில சமயம் இரவு சாப்பாட்டு வேளையும் ஆகலாம். ஆகவே இரத்த அழுத்த மாத்திரை, நீரிழிவு மாத்திரை, இன்சுலின், மூக்குக்கண்ணாடி, கடப்பிதழ், பிள்ளைக்கு ஒரு மாற்றுடை ஆகியவை கையோடு வரும் பையில்தான் இருக்க வேண்டும். மாத்திரையை மருந்தகம் கொடுத்த உறையோடு கொண்டு போங்கள். மூன்று நாள் பயணத்துக்கு ஆறு நாள் மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் மருந்துக்கடை கிடையாது. கப்பலில் வைத்தியர் இருப்பார். ஆனால் கட்டணம் அதிகம், உங்கள் மருந்து அவரிடம் இல்லாமலும் போகலாம்.

இன்சுலின் போடுகிறவர்கள் கவனிக்க இன்னொன்று. அறையில் உள்ள சின்னக் குளிர்ப்பெட்டி பல கப்பல்களில் பானத்தைக் குளிர வைக்க மட்டுமே உதவும். மருந்துக்கு வேண்டிய 2 முதல் 8 பாகைக் குளிர் அதில் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. திறக்காத இன்சுலினை எங்கே வைக்கலாம் என்று ஏறியவுடன் அறைப் பணியாளரிடம் கேளுங்கள். போட்ட ஊசியைக் குப்பைக் கூடையில் எறியாதீர்கள். அந்தக் கூடையை வெறுங்கையால் எடுப்பவரும் நம்மைப் போல உழைத்துப் பிழைக்க வந்த ஒருவர்தான். ஊசி போட ஒரு தனி டப்பா கேட்டால் கொடுப்பார்கள்.

அறைக்குள் நுழைந்த முதல் அரை மணி நேரத்தில் போடுகிற ஒழுங்குதான் கடைசி நாள் வரை நிற்கும். பிள்ளை நீச்சல் குளத்துக்கு இழுக்கும்; கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பெட்டி வந்ததும் துணிப்பைகளை அலமாரியில் வைத்துவிட்டு, காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். கப்பலின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. பாசார் மாலாமில் விற்கும் காந்தக் கொக்கி நாலைந்து வாங்கிப் போனால் தொப்பி, கைப்பை, அறைச்சாவி அட்டை எல்லாம் சுவரிலேயே தொங்கும். ஆணி அடிக்க முடியாத இடத்தில் காந்தம்தான் ஆணி. ஆனால் கூரையில் சின்னக் குமிழ் போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தீப்பிடித்தால் தண்ணீர் பீய்ச்சுவதற்கானது அது. அதில் ஈரத்துண்டையோ உடை மாட்டும் கம்பியையோ தொங்கவிட்டு அது உடைந்தால் அறையெல்லாம் வெள்ளம்தான். ஈரத்துணிக்குக் குளியலறையில் பல கப்பல்களில் இழுத்து மாட்டும் சின்னக் கொடிக்கயிறு இருக்கும், தேடிப் பாருங்கள்.

படுக்கை விஷயம். கீழே இரண்டு கட்டில், சுவரிலோ கூரையிலோ மடித்து வைத்த மேல்கட்டில் இரண்டு என்பது வழக்கமான அமைப்பு. பாட்டிக்குக் கீழ்க்கட்டில், அதுவும் குளியலறைக்குப் பக்கத்தில் உள்ளது. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்திருக்க வேண்டிய வயது. "எனக்கு எங்கேயாவது போதும், நீங்கள் படுங்கள்" என்று பாட்டி சொல்லுவார். அந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது. மேல்கட்டில் பிள்ளைகளுக்குத்தான் கொண்டாட்டம். ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அங்கே படுக்கவிடாதீர்கள். ஏணியையும் தடுப்புப் பலகையையும் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரிய பிள்ளையை ஏறவிட வேண்டும்.

ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் கன்னங்கரேல் என்று இருக்கும். நம் கையே நமக்குத் தெரியாது. குளியலறை வாசலில் ஒரு படி உயரத்துக்குத் தடுப்பு இருக்கும். தண்ணீர் வெளியே வராமல் இருக்கக் கட்டியது. கப்பல் லேசாகச் சாயும்போது இருட்டில் அதில் கால் தட்டினால் வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு போய்விடும். குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவைச் சற்றே திறந்து வையுங்கள், அல்லது மின்கலத்தில் எரியும் சின்ன விளக்கு ஒன்று கொண்டு போங்கள். பகலிலேயே பாட்டியைக் கட்டிலிலிருந்து குளியலறைக்கு இரண்டு தடவை நடக்க வைத்துப் பழக்குங்கள். நாலு ஜோடிச் செருப்பும் அலமாரிக்கு அடியில் வரிசையாக இருக்கட்டும். நடைபாதையில் ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது.

தரையைக் காலியாக வை, வை என்று ஏன் இவ்வளவு சொல்கிறேன்? 2012-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் இரவு, இத்தாலி நாட்டுக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா என்ற பெரிய உல்லாசக் கப்பல் பாறையில் மோதியது. மின்சாரம் நின்றது, கப்பல் சாயத் தொடங்கியது. 32 பேர் மாண்டார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த பல நூறு பயணிகளுக்கு ஆபத்து காலப் பயிற்சி அதுவரை நடக்கவே இல்லை. அதற்குப் பிறகு அனைத்துலக விதி மாற்றப்பட்டது. 2015 முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்போ, புறப்பட்ட உடனேயோ அந்தப் பயிற்சியை நடத்தியாக வேண்டும்.

தோட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பயிற்சியை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: பெரட்டு. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுப்பதைப் போல, கப்பலிலும் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கூடுமிடம் உண்டு. அதன் எண் அறைக்கதவின் உட்புறத்திலும் சாவி அட்டையிலும் இருக்கும். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. இதுதான் அபாயச் சங்கு. கேட்டதும் சாமானைத் தேடாமல் அங்கே போக வேண்டும். மிதவைச் சட்டைகள் அலமாரியிலோ கட்டிலடியிலோ இருக்கும். சில கப்பல்களில் கூடுமிடத்திலேயே கொடுப்பார்கள். அறையில் இருந்தால் நாலும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். பிள்ளைக்குச் சின்ன அளவு வேண்டும் என்று அப்போதே கேளுங்கள். அவற்றின் மேல் பெட்டியை அடுக்கிவிடாதீர்கள். சில குடும்பங்கள் இந்தப் பயிற்சிக்குப் போகாமல் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. பெரட்டுக்குப் போகாதவனுக்கு அன்றைக்குச் சம்பளம் போகும், அவ்வளவுதான். இங்கே போகக்கூடியது சம்பளம் அல்ல. பாட்டியால் படியேற முடியாது என்றால், அதைப் பயிற்சி நாளிலேயே பணியாளரிடம் சொல்லிவிட வேண்டும். ஆபத்து நேரத்தில் மின்தூக்கி உதவாது.

கடலில் மிகப் பெரிய பயம் தீ. அதனால்தான் இஸ்திரிப்பெட்டி, மின்சாரக் கேத்தல், சோறு ஆக்கும் குக்கர், மெழுகுவத்தி எதையும் அறைக்குள் விடுவதில்லை. ஊதுவத்தியும் சூடமும் இதில் சேரும். சாமி படம் ஒன்று, திருநீறு ஒரு பொட்டலம் கொண்டு போகலாம். தீபம் வீட்டுக்குத் திரும்பி ஏற்றிக்கொள்ளலாம். மின்செருகி அறையில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். நம் மூன்று கால் செருகி அதில் பொருந்தாமலும் போகலாம். மாற்றுச் செருகி ஒன்று வேண்டும். நாலு கைத்தொலைபேசிக்கும் முறை வைத்து மின்னேற்றுங்கள். வீட்டில் சமைத்த சாப்பாட்டையும் பல கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள். கடையில் மூடி முத்திரையிட்ட முறுக்கு, பிஸ்கட் என்றால் பெரும்பாலும் தடை இருக்காது. புறப்படும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

கழிவறை பற்றியும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். கப்பலில் அது காற்றழுத்தத்தால் இழுக்கும் வகை, குழாய் மெல்லியது. அங்கே வைத்திருக்கும் காகிதத்தைத் தவிர வேறு எதைப் போட்டாலும் அடைத்துக்கொள்ளும். ஒரு துணித்துண்டு போதும், பக்கத்து அறைகளும் சேர்ந்து அவதிப்படும். நாலு பேருக்கு ஒரே குளியலறை என்பதால் நேரம் பிரித்துக்கொள்ளுங்கள்: பாட்டிக்கு விடியற்காலை, பிள்ளைக்கு முந்தின இரவே குளியல்.

இன்னொரு விஷயம், இது கணவன்மார்களுக்கு. அறையை ஒழுங்காக வைக்கிற வேலை மனைவியின் தலையில் மட்டும் விழுந்தால், அவளுக்கு அது கப்பல் அல்ல. இன்னொரு லயத்து வீடு. அவளும் சீட்டு வாங்கி ஏறிய பயணிதான். காலையில் அறையை விட்டுப் போகும் முன் ஆளுக்கு ஐந்து நிமிடம்: அப்பா மேல்கட்டிலை மடிப்பார், பிள்ளை தன் துணியைத் தன் பையில் போடும், பாட்டி தன் மருந்துப் பையை எடுத்த கொக்கியிலேயே திரும்ப மாட்டுவார். எதையும் எங்கே என்று யாரும் அம்மாவைக் கேட்கக் கூடாது. அந்த அம்மா காலைக் காற்றில் தளத்தில் நின்று, மலாக்கா நீரிணையில் போகும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

கடைசி இரவு பெட்டிகளை அறை வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் அவை கரையில் இருக்கும். எல்லாத் துணியையும் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டு, மறுநாள் இரவு உடையோடு இறங்கிய குடும்பங்கள் உண்டு. ஆளுக்கொரு மாற்றுடை, செருப்பு, காலை மாத்திரை, கடப்பிதழ் ஆகியவற்றைக் கைப்பையில் நிறுத்தி வையுங்கள். காலையில் கட்டிலடி, இரும்புப் பேழை, கதவுக்குப் பின்புறம், குளியலறைக் குவளை இவற்றைப் பாருங்கள். அந்தக் குவளையில்தான் பாட்டியின் பல்செட்டு இருக்கும். காந்தக் கொக்கிகளைக் கழற்றிக்கொள்ளுங்கள். அறைச்சாவி அட்டையை மட்டும் கையில் பிடித்திருங்கள். இறங்கும் வாசலில் அதைக் காட்டித்தான் வெளியே போக முடியும்.