பன்னிரண்டு ஊர்களும் ஒரு காகிதமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)



விசாகப்பட்டினத்திலிருந்து ராய்ப்பூர் போகும் வண்டி ராயகடாவைத் தாண்டி முனிகுடாவை நெருங்கும்போது ஒரு மலைத்தொடர் தெரியும். நியமகிரி. நம்மில் ரயில்வேக்காரர்கள் அந்த லைனில் எத்தனையோ தடவை போயிருக்கிறோம், இறங்கிப் பார்த்ததில்லை. 1936 வரை ராயகடா சென்னை மாகாணத்தில்தான் இருந்தது என்பதுகூட நம்மில் பலருக்குப் புதுச் செய்தி.

மலை உச்சியில் பாக்சைட், 7 கோடி டன்னுக்கு மேல் என்று கணக்கு. மலையில் வாழ்பவர்கள் டோங்ரியா கோந்த் மக்கள். மலை அவர்களுக்கு நியம ராஜா, தெய்வம். கோடையிலும் ஓடை வற்றாமல் ஓடுவது அந்த மலையால்தான்.

வேதாந்தா கம்பெனி என்ன செய்தது? சுரங்க அனுமதி கைக்கு வருமுன்பே அடிவாரத்து லாஞ்சிகரில் அலுமினா ஆலையைக் கட்டி முடித்தது. பந்தலைப் போட்டுவிட்டுப் பெண் கேட்கப் போன கதை! 2010 ஆகஸ்டில் மத்திய அரசு வன அனுமதியை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2013 ஏப்ரல் 18-ல் தீர்ப்பு வந்தது: 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிராம சபைகளைக் கேளுங்கள்.

நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உள்ள மலையில் மாநில அரசு பொறுக்கி எடுத்தது 12. அந்த ஜூலை, ஆகஸ்டில், மாவட்ட நீதிபதி பார்த்திருக்க, சபைகள் கூடின. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் எழுந்து பேசினார்கள். பன்னிரண்டும் ‘மாட்டோம்’ என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு திட்டத்தை நிராகரித்தது.

அதே குழுமத்தின் தாமிர ஆலைதான் தூத்துக்குடி ஸ்டெர்லைட். 2018 மே மாதம் அங்கே போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். நியமகிரியில் கேட்டதுபோல் தூத்துக்குடி மக்களை யாராவது சபை கூட்டிக் கேட்டார்களா?

சுரங்கம் மூடினால் சரக்கு குறையும், சரக்கு குறைந்தால் நம் பிழைப்பு என்னாவது என்று போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. வேகன் எண்ணிச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாம், மறுக்கவில்லை. ஆனால் நம் சம்பளத்துக்கு அவர்களுடைய ஓடைதான் விலை என்றால், அதை அவர்களைக் கேட்காமல் பேசி முடிக்க நாம் யார்?

ஆபத்து தீரவில்லை. 2023-ல் அதே ராயகடா மாவட்டத்துச் சிஜிமாலி மலையை இதே கம்பெனி ஏலத்தில் எடுத்தது. அங்கே கிராம சபை சம்மதித்ததாகக் காட்டும் காகிதமே போலி என்கிறார்கள் ஊர்க்காரர்கள். கிளார்க்குகளான நமக்குத் தெரியும், ஒரு பொய்க் கையெழுத்து எவ்வளவு தூரம் போகும் என்று. ஃபைலில் ஏறிவிட்டால் அதை இறக்க ஒரு தலைமுறை ஆகும்.

அடுத்த ஞாயிறு மாலை வன உரிமைச் சட்டத்தைத் தமிழில் வரிவரியாக வாசிக்கப் போகிறோம். ஒடியா தெரிந்தவர்கள் நம்மில் நாலைந்து பேர் உண்டு. அவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகவும்.