மணி அடிக்கும்வரை வெளியே நின்றவர்



தலைமை ஏற்கும்படி அமைப்பாளர்கள் கேட்டபோது மகிழ்ந்தேன். தலைப்பைப் பார்த்ததும் தயங்கினேன். ‘பள்ளிகளில் இனப்பாகுபாட்டை எதிர்கொள்வதும் பன்மையைப் பேணுவதும்’ என்கிறது அழைப்பிதழ். இதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். சாதி இனப்பாகுபாட்டுக்குள் அடங்குமா என்று 2001இல் டர்பன் மாநாட்டை ஒட்டி எழுந்த வாதங்களையோ, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தையோ உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிறம், முகம், மொழி, சாதி, எதைச் சொல்லி ஒதுக்கினாலும் ஒதுக்கப்படுவது ஒரு குழந்தைதான். அந்த அளவோடு பொதுத் தலைப்பை விட்டு, நெடுநாளாக என் மனத்தில் கிடக்கும் ஒரு சிறு நூலுக்கு வருகிறேன்.

அது இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’. ‘பறையன்’ இதழை நடத்தியவர், வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்தவர் என்று அவரைப் பலமுறை மேற்கோள் காட்டுகிறோம். கோயமுத்தூரில் படித்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய சில வரிகளைக் கல்வி ஆய்வாளர்கள் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறோம். ஏறத்தாழ நானூறு மாணவர்கள். பத்துப் பேர் போக மற்றவர்கள் பிராமணர்கள். நட்பாகப் பழகினால் தன் சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அஞ்சிய சிறுவர் சீனிவாசன், பள்ளிக்கு வெளியே எங்காவது இருந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே உள்ளே போவார். வகுப்பு கலைந்ததும் யாரும் எட்டிப் பிடிக்க முடியாதபடி விரைந்து வீடு சேர்வார்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அமர்வில் இந்தச் சான்றை முன்வைத்தேன். நான் பெரிதும் மதிக்கும் ஒரு மூத்த அறிஞர் மறுத்தார். எண்பது வயதை ஒட்டி எழுதிய நினைவுக்குறிப்பு அது, அதிலும் சம்பவம் என்று ஒன்றுமே இல்லையே என்றார். அன்று என்னிடம் பதில் இல்லை. அவர் இன்றும் இந்த அவையில் இருக்கிறார். வணக்கத்துடன் இப்போது பதில் சொல்கிறேன். ஐயா, சம்பவம் இல்லை என்பதுதான் அந்தச் சான்றின் பொருளே. சாத்தாராவில் அம்பேத்கர் பள்ளிக்குக் கோணிப்பையைச் சுமந்துபோய் அதில் தனியே அமர வேண்டியிருந்தது. அது கண்ணுக்குத் தெரிந்த கொடுமை. யார் செய்தார்கள் என்று சொல்ல முடியும். கோயமுத்தூர்ச் சிறுவர் தம்மைத் தாமே ஒதுக்கிக்கொண்டார். அவர் விவரிக்கும் அந்தக் காலை நேரங்களில் யாரும் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை. அந்தப் பள்ளியில் புகார்ப் பெட்டி வைத்திருந்தால் அது காலியாகவே இருந்திருக்கும். வருகைப் பதிவேட்டில் அவர் அந்த நானூறு பேரில் ஒருவர்.

சம்பவம் இல்லாத இத்தகைய அச்சத்தை இன்றும் காண, நாம் கூடியிருக்கும் ஊருக்கே வருவோம். கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்ற கிராமங்களின் 332 ஏக்கரில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது இந்த எலெக்ட்ரானிக் சிட்டி. இங்கே சாதி பார்ப்பதில்லை, முகம் பார்ப்பதில்லை, திறமை மட்டுமே என்று எத்தனையோ மேடைகளில் கேட்டுவிட்டோம். 2012 ஆகஸ்டில் என்ன நடந்தது? வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப்போகிறார்கள் என்று செல்பேசிக் குறுஞ்செய்திகளிலும் வாய்மொழியிலும் வதந்தி பரவியது. வடகிழக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூரு ரயில் நிலையத்துக்குத் திரண்டார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. நகரத்துக்குள் பெரிய தாக்குதல் எதுவும் நடந்திருக்கவில்லை. அச்சுறுத்தலை நம்பி ஏமாந்தவர்கள் என்று அவர்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளை நான் ஏற்கவில்லை. பேருந்திலும் வாடகை வீட்டு வாசலிலும் தினமும் கேட்ட பேச்சுதான் அந்த வதந்தியை நம்பும்படி செய்தது. ஓடியவர்களின் பிள்ளைகள் படித்த வகுப்பறைகளில் அந்த வாரம் ஆசிரியர்கள் என்ன சொன்னார்கள் என்பதை ஆராய்ந்த ஒரு கட்டுரையைக்கூட நான் பார்த்ததில்லை. அது என்னை வருத்துகிறது.

தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்கள் சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது, அகர வரிசையில் அமர வைக்க வேண்டும் என்ற பரிந்துரைகளை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அடையாளத்தை நீக்கினால் பகையும் நீங்கிவிடும் என்று சிலர் அதற்கு உரை எழுதுகிறார்கள். அங்கேதான் முரண்படுகிறேன். ஆதிக்கத்தின் கயிறு அவிழ வேண்டும், உண்மை. ஆனால் தன் அடையாளத்தை மறைத்துத்தான் சீனிவாசன் படித்தார். அந்த மறைப்பு அவருக்குப் பாதுகாப்பு தந்தது. ஒரு நண்பனைக்கூடத் தரவில்லை. தெருப் பெயரைச் சொல்லாத பிள்ளையும், மதிய உணவு டப்பாவை மூடியால் மறைத்துச் சாப்பிடும் பிள்ளையும், வீட்டில் தமிழோ மணிப்புரியோ பேசுவதை ஒளிக்கும் பிள்ளையும் இன்றும் அவர் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள்.

முதல் அமர்வில் பள்ளிகளுக்கான வினாப்படிவம் ஒன்று விவாதத்துக்கு வருகிறது. வரைவைப் படித்தேன், கவனமாகச் செய்திருக்கிறார்கள். உன்னை யாராவது திட்டினார்களா, அடித்தார்களா, ஒதுக்கினார்களா என்று எல்லாக் கேள்விகளும் பிறர் செய்ததையே கேட்கின்றன. காலை மணி அடிக்கும் முன் நீ எங்கே இருப்பாய், யாரோடு இருப்பாய், மாலையில் யாரோடு வீட்டுக்கு நடப்பாய் என்ற மூன்று கேள்விகளையும் சேர்க்கும்படி வேண்டுகிறேன். அமர்வைத் தொடங்கலாம்.