ஊர்ச் செய்தி என்னும் உடைமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையையும் தமிழரின் வீரத்தையும் பேசுவது வழக்கம். இன்று அவ்வழக்கத்தைச் சற்றே விலக்கி, சிறியதெனப் பலரும் கருதும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். அதுதான் ஊர்ச் செய்தி. யார் வீட்டுப் பிள்ளை தேறியது, எந்தக் கல்லூரியில் விண்ணப்பம் பெறுகிறார்கள், எந்தச் சாலில் எந்தப் பெரியவர் காலமானார், பொங்கலன்று எந்தத் தெருவார் கூடிப் பானை வைத்தனர் என்பன போன்றவையே ஊர்ச் செய்திகள். பெரிய பத்திரிகைகளில் இவற்றிற்கு இடமில்லை. நாமும் இவற்றை வாயாற் பேசி, காற்றிலே விட்டுவிடுகிறோம். அவ்வாறு விடுவதால் நம் பிள்ளைகளுக்கு நேரும் இழப்பு எத்தகையது என்பதை எடுத்துச் சொல்வதே எங்கள் நோக்கம்.

கல்லூரிகளின் அண்டையில்

நாம் குடியிருப்பது கல்லூரிகள் நிறைந்த வட்டாரத்திற்கு அண்மையில் என்பதை முதலில் நினைவிற் கொள்ளவேண்டும். 1887இல் தோன்றிய விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் 1923இல் மாதுங்காவிற்கு வந்தது. 1997இல் வீரமாதா ஜீஜாபாயின் பெயரை ஏற்றது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் தொழில்நுட்பத் துறை 1933இல் தொடங்கி, 1943இல் மாதுங்காவிற்கு இடம் பெயர்ந்து, 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ருயா கல்லூரியும் கால்சா கல்லூரியும் 1937இலும், பொத்தார் வணிகவியற் கல்லூரி 1941இலும் எழுந்தன. இவற்றிற்கெல்லாம் அருகிலேயே, தென்னாட்டார் கூடி 1932இல் நிறுவிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளிகளை நடத்தி, 1960இல் சயானில் ஒரு கல்லூரியையும் கண்டது. 1952இல் தோன்றிய சண்முகானந்தா சபை 1963இல் தன் மாபெரும் அரங்கைத் திறந்தது. 1990இல் தீக்கிரையாகியும் 1998இல் மீண்டும் எழுந்தது.

தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து இவற்றுட் பெரும்பாலானவற்றிற்கு நடந்தே சென்றுவிடலாம். இடையில் மத்திய இரயில்வேயின் இருப்புப்பாதை ஒன்றைக் கடக்கவேண்டும், அவ்வளவே. ஆனால் நாம் எளிதிற் கடக்கும் அப்பாதையைச் செய்தி கடந்து வருவதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியபின், 1898இல் அமைந்த நகர அபிவிருத்தி டிரஸ்டு, தாதர்–மாதுங்காப் பகுதியைக் கோடு கிழித்து, தெரு வகுத்து, பூங்கா வைத்துக் கட்டியது. அலுவலகப் பணிக்கு வந்த தென்னாட்டார் பலர் அங்கே குடியேறினர். தாராவிக்குத் திட்டம் வகுத்தவர் எவருமிலர். நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த நம் முன்னோரும், சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவரும், பின்னர் வந்த பல்வேறு மொழியினரும் சதுப்பு நிலத்தை மேடாக்கித் தம் கைகளாலேயே ஊரை உண்டாக்கினர். மாதுங்காவில் வளரும் பிள்ளைக்குக் கல்லூரிச் செய்தி அண்டை வீட்டுத் திண்ணையிலேயே கிடைக்கிறது. தாராவியில் வளரும் பிள்ளை, தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளையாக இருப்பின், யாரிடம் போய்க் கேட்கும்?

2017ஆம் ஆண்டு, மாதுங்கா இரயில் நிலையத்தின் பணி முழுவதும் பெண்களிடமே ஒப்படைக்கப்பட்டது. நாட்டிலேயே அவ்வாறு அமைந்த முதல் நிலையம் அதுவெனப் பேசப்பட்டது. நமக்கு இத்துணை அருகில் நிகழ்ந்த இச்செய்தி, இரயில்வேப் பணிக்குத் தேர்வெழுதக்கூடிய நம் பெண்மக்களுள் எத்தனை பேர் செவிக்கு எட்டியிருக்கும்?

தாளின்றித் தவிக்கும் பிள்ளைகள்

பத்தாம் வகுப்பில் தேறிய பிள்ளைகள் பதினோராம் வகுப்பிற் சேர்வது இன்று இணையவழிச் சுற்றுகளாக நடைபெறுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் நாள் குறிக்கப்படுகிறது. விரும்பிய கல்லூரிகளின் வரிசையை உரிய நாளுக்குள் தராத பிள்ளை, நல்ல மதிப்பெண் பெற்றிருந்தும் பின்தங்குகிறது. தந்தை வேலைக்குப் போய்விடுகிறார். தாய்க்கு அப்படிவத்தின் மொழி தெரியாது. நம் வீடுகளில் நடப்பது இதுவே.

இதனினும் பெரிய இடர் சாதிச் சான்றிதழில் வருகிறது. பட்டியற் சாதிகள் மாநிலந்தோறும் தனித்தனியே அறிவிக்கப்பட்டவை. 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு, பரேலிலுள்ள ஒரு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிய வழக்கில், குடிபெயர்ந்து வந்தவர் தம் சொந்த மாநிலத்துப் பட்டியலைக் காட்டி, வந்த மாநிலத்தில் ஒதுக்கீடு கோர இயலாது என்று தீர்ப்பளித்தது. 1994இல் மகாராட்டிரத்தைப் பற்றிய மற்றொரு வழக்கிலும் அக்கருத்தே உறுதியாயிற்று. தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் உழைத்தவரின் பேரப்பிள்ளையும் இங்கே வந்தேறியாகவே எண்ணப்படுவது எங்கள் நெஞ்சை வருத்துகிறது. ஆயினும் வருந்திக்கொண்டே இருப்பதாற் பயனில்லை. திறந்திருக்கும் வழிகள் இரண்டு. 1950 ஆகஸ்டு 10ஆம் நாளுக்கு முன்பே குடும்பம் இம்மாநிலத்தில் வாழ்ந்திருந்து, அதன் சாதிப் பெயரும் இங்குள்ள பட்டியலில் இருக்குமாயின், அதனை மெய்ப்பிப்பது ஒன்று. தந்தை தம் சொந்த மாநிலத்தில் முறையாகப் பெற்ற சான்றிதழைக் கொண்டு இங்கே சான்றிதழ் பெற்று, மைய அரசின் கல்விக்கூடங்களிலும் பணிகளிலும் உரிமை கோருவது மற்றொன்று. இரண்டிற்கும் வேண்டுவது பழைய தாளே!

வீட்டிற்கும் அதே கதைதான். தாராவிச் சீரமைப்புக்காக 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000 ஜனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்திற் குடியிருப்போர்க்குத் தாராவிக்குள்ளேயே வீடு என்றும், அதற்குப் பின் வந்தவர்க்கு வேறிடத்தில் என்றும் விதி வகுக்கப்பட்டது. ரேஷன் கார்டு, மின்சாரப் பில், போட்டோ பாஸ் ஆகியவற்றைத் தேடிப் பெட்டியைக் கவிழ்த்தவர்களுக்கு, ஒரு துண்டுத் தாளின் அருமையை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பிறர் எழுதிய நம் செய்தி

2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதற் கொரோனா நோயாளர் கண்டறியப்பட்டார். வீடுவீடாகச் சோதித்தும், காய்ச்சல் முகாம்கள் நடத்தியும், உள்ளூர் மருத்துவர்களைத் துணைகொண்டும் நோயை அடக்கிய முறையை, அவ்வாண்டு ஜூலை 10ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் எடுத்துக்காட்டாகக் கூறினார். உலகமே தாராவியைப் பற்றி எழுதியது. ஆனால் எந்தத் தெருவில் யார் கஞ்சி காய்ச்சினார், யார் மருந்து வாங்கி வந்தார், யாரை நாம் இழந்தோம் என்பதை நாமன்றோ எழுதியிருக்க வேண்டும்! நாம் எழுதவில்லையெனில் அப்பெயர்கள் இன்னும் ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோகும்.

செய்யத்தக்கவை

ஆகவே, சங்கத்தார்முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, சங்க வாயிலில் ஒரு கரும்பலகை. கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, தேர்வு ஆகியவற்றின் நாட்களைத் தமிழில் அதில் எழுதவேண்டும். கைப்பேசிச் செய்தி வந்து மறைந்துவிடும். வாயிற் பலகை போவோர் வருவோர் கண்ணில் நாள்தோறும் படும்.

இரண்டாவது, ஒரு குடும்பப் பேரேடு. சொந்த ஊர், பம்பாய்க்கு வந்த ஆண்டு, முதலிற் குடியிருந்த தெரு, வேலை பார்த்த இடம், படித்த பள்ளி ஆகியவற்றை, விருப்பமுள்ளோர் தாமே சொல்ல எழுதி வைக்கவேண்டும். பேரேடு நீதிமன்றச் சான்றாகாது என்பதை அறிவோம். ஆனால் எந்தப் பள்ளியின் பதிவேட்டில் தாத்தாவின் பெயரைத் தேடவேண்டும் என்பதை அது காட்டும்.

மூன்றாவது, கல்லூரியிற் பயிலும் நம் இளைஞர்கள், மே, ஜூன் மாதங்களின் ஞாயிறுதோறும் இங்கே அமர்ந்து, இளைய மாணவரின் படிவங்களை நிரப்பித் தரவேண்டும். மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளையும் இப்பணிக்கு அன்புடன் அழைக்கிறோம்.

நான்காவது, இம்மலரிலேயே தெருவாரியாக ஆண்டுச் செய்திகள் இடம்பெறவேண்டும். பிறப்பு, இறப்பு, தேர்ச்சி, திருமணம், கூட்டம் யாவும் நாளும் ஆண்டும் குறித்து அச்சாகட்டும். நன்கொடையாளர் பெயருக்குத் தரும் பக்கங்களில் பாதியேனும், பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைகளின் பெயருக்குத் தரலாமன்றோ?

அன்பர்களே! தாராவிக் கோட்டையின் சுவரில், அது 1737இல் கட்டப்பட்டதென்று பொறித்த கல் ஒன்று உண்டு. கட்டச் சொன்ன ஆளுநரின் பெயர் அக்கல்லில் இருக்கிறது. கல் சுமந்தவர் பெயர் இல்லை. நம் முன்னோர் சுமந்ததை நாமாவது எழுதி வைப்போம். கரும்பலகைக்கான செலவை இவ்வாண்டுச் செயற்குழுவின் முதற் கூட்டத்திலேயே ஒப்புக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

வாழ்க தமிழ்!