வஞ்சினமும் இல்லறமும்

 

வரலாற்றுப் புதினம் என்றாலே நம் இளைஞர்க்கு வாளும் யானையும் கோட்டையுமே கண்முன் நிற்கின்றன. அப்போரால் ஒரு வீட்டிற்கு நேர்ந்தது யாது என்று கேட்பார் அரியர். அவ்வினாவை எழுப்புதற்கு ஏற்ற நூல், 1944 முதல் 1946 வரை தம் கிழமை இதழில் கல்கி தொடர்ந்தெழுதிய 'சிவகாமியின் சபதம்'. ('வஞ்சினம்' என்னும் தூய சொல் புறநானூற்றுத் துறைப் பெயரிலேயே இருக்க, அவர் வடசொல்லைத் தேடிப் போனது ஏனோ!)

கி.பி. 642இல் பல்லவன் நரசிம்மன் வாதாபியை அழித்தது வரலாறு. ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி புனைவு. சிறைப்பட்ட தம் நாட்டு மக்கள் சாட்டையடி படுவதைக் காணப் பொறாது, அவர்களைக் காக்கப் பகைவர் நகரத் தெருமுனையில் அவள் ஆடுகின்றாள். அம்மானக்கேட்டில் பிறக்கிறது அவள் வஞ்சினம்: மாமல்லன் இந்நகரை எரித்துத் தன்னைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்காறும் இவ்விடம் விட்டுப் பெயரேன் என்பது. அவனே மாற்றுருவில் வந்தழைத்தும் மறுக்கின்றாள். ஒன்பது ஆண்டுகள் கழிகின்றன. அதற்குள் மாமல்லன் தந்தை சொற்கேட்டுப் பாண்டியன் மகளை மணந்து மக்களும் பெற்றுவிடுகின்றான். நகர் எரிந்தது, வஞ்சினம் முடிந்தது, வஞ்சினம் மொழிந்தவளுக்கு வீடு இல்லை.

இதனைச் சிவகாமியின் அடம் என்பார் உளர். ஆடவன் மொழிந்தால் மறம், பெண் மொழிந்தால் அடமோ? குறை அவள் சொல்லில் இல்லை. வஞ்சினம் அவளுடையது, வாளோ அவனுடையது. பிறன் கைவாளை எதிர்நோக்கிக் காத்திருப்பதொன்றே அவளுக்கு வாய்த்த போர்.

புறநானூற்று 71ஆம் பாட்டை எண்ணிப் பாருங்கள். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் வஞ்சினம் அது. பகைவரைப் புறங்காணேனாயின் இன்னின்ன கேடு எனக்கு வருக என்று அடுக்குகின்றான். முதற்கண் அவன் வைப்பது, அருகிருக்கும் தன் மனைவியைப் பிரிதல்! கொடுங்கோலன் ஆதலும் நண்பரை இழத்தலும் அதற்குப் பின்னரே வருகின்றன. அரியணைக்கு முன்னே இல்லறத்தை நிறுத்திய வேந்தன் அவன். அவனுக்குப் பிரிவென்பது தோல்விக்குரிய ஒறுப்பு. சிவகாமிக்கோ வெற்றிக்குப் பின்னரும் அவ்வொறுப்பே கிடைக்கின்றது.

அப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டும் வாய்மூடி இருந்தவள் அல்லள். கணவன் மாய்ந்தபின் தன்னைத் தடுத்த சான்றோரை நேர்நின்று கடிந்து பாடினாள்; அது 246ஆம் பாட்டு. அவள் தீப்பாய்ந்ததை நான் போற்றேன். அவ்வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆயினும் கணவன் சொல்லும் மனைவி சொல்லும் ஒரே தொகையில் ஒத்த மதிப்புடன் நிற்கின்றன அல்லவா?

புதினத்தின் முடிவில் சிவகாமி ஏகம்பனையே கணவனாகக் கொண்டு தாலி பூண்டு, கோயிலில் ஆடுகின்றாள். மாமல்லன் ஓசையின்றி எழுந்து அரண்மனைக்குச் செல்கின்றான். அங்கே அவனுக்கு மனைவி உண்டு, மக்கள் உண்டு. படிப்போர் கண்ணீர் விடுகின்றனர், நானும் விட்டவனே. ஆனால் அவ்விடத்தில் ஆசிரியர் அவளை ஆடவிட்டாரேயன்றி, பெருங்கோப்பெண்டைப் போல் எதிர்நின்று பேசவிடவில்லை.