குடும்பத்துக்கு ஏற்ற பிக்கப் வண்டி



கொழும்பில் வாணிபஞ் செய்யும் குடும்பங்கள் பலவற்றில் ஒரே வாகனம் இருவேறு கடமைகளை ஆற்றவேண்டியிருக்கிறது. விடியுமுன் பேலியகொடை மெனிங் சந்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக் கடைக்கு மரக்கறி மூட்டைகளைக் கொணர்தல் வேண்டும். பின்னர் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். விடுமுறையில் யாழ்ப்பாணம் சென்று மீளவும் வேண்டும். இத்தகையோர் பிக்கப் வண்டி வாங்க எண்ணுங்கால், நடுத்தரமானதா, கனரகமானதா என்னும் வினா எழுகின்றது.

நடுத்தர வண்டியாவது நம்மவர் டபிள் கேப் என வழங்குவது. டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி எல்200 என்பன இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவை ஏறக்குறைய ஐந்தேகால் மீற்றர் நீளமுடையன. ஒரு தொன் அளவான சுமையைத் தாங்குவன. கனரக வண்டிக்கு அமெரிக்காவின் ஃபோர்ட் எஃப்-250 தக்க உதாரணமாகும். நான்கு கதவுகளுடைய அவ்வண்டி 6 மீற்றரினும் நீண்டது. சுமையுடன் ஏறத்தாழ 4,500 கிலோகிராம் நிறையுடையது. அகன்ற நெடுஞ்சாலைகளில் பெரும் இழுவைவண்டிகளை இழுத்துச் செல்வதற்கென அமைந்தது. கனடாவிலுள்ள உறவினர் அனுப்பும் படங்களைக் கண்டு நம் இளைஞர் அதனை விரும்புதல் இயல்பே.

ஆயினும், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளை எண்ணிப் பாருங்கள். அங்கே அத்துணை நீண்ட வண்டியைத் திருப்புவது எங்ஙனம்? மாடிக் குடியிருப்பின் தூண்களுக்கிடையே நிறுத்துவது எங்ஙனம்? மேலும், மொத்த நிறை 3,500 கிலோகிராமைக் கடந்த வண்டியைச் செலுத்துவதற்குச் சாதாரண மோட்டார்க் கார் அனுமதிப்பத்திரம் போதாது; இலகு லொறிக்குரியது வேண்டும். தந்தை நோயுறும் நாளில் தாயோ மகனோ அவ்வண்டியை எடுத்தல் இயலாது போகலாம். சுமையின்றி ஓடும்போதும் அது மிகுதியாக டீசல் அருந்தும். 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாம் வரிசையில் நின்றதை மறத்தற்கில்லை.

நடுத்தர வண்டிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு தொன் என்றால் பொருட்சுமை மட்டுமே எனப் பலர் கருதுகின்றனர். அது பிழை. உள்ளே இருப்போரின் நிறையும் அதில் அடங்கும். 65 கிலோகிராம் வீதம் ஐவர் அமர்ந்தால் 325 கிலோகிராம் ஆகின்றது. எஞ்சுவது 675. அதாவது, 50 கிலோகிராம் அரிசி மூட்டைகள் பதின்மூன்றே ஏற்றலாம். இருபது மூட்டை ஏற்றினால் தடுப்புக்கருவி உரிய தூரத்தில் வண்டியை நிறுத்தமாட்டாது. டயர் சூடேறி வெடிக்கவுங்கூடும். அப்பொழுது உள்ளே இருப்பவர் நம் பிள்ளைகளே. அவர்களைப் பின்தட்டில், மூட்டைகளின்மேல் அமர்த்துவது இதனினும் கொடிது.

ஆகவே, முதலில் ஒரு மாதத்துக்குக் கணக்கெழுதுங்கள். நாள்தோறும் ஏற்றும் சுமை எவ்வளவு? உடன் செல்வோர் எத்தனை பேர்? ஆண்டில் நாலைந்து முறை மட்டுமே பெருஞ்சுமை வருமாயின், அந்நாட்களில் லொறியொன்றை வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனம். நாள்தோறும் இரண்டு தொன் ஏற்றும் கடைக்காரருக்கோ டபிள் கேப் உதவாது. கடைக்கு ஒரு லொறியும் குடும்பத்துக்கு ஒரு சிறு காரும் அவருக்கு ஏற்றவை.

அரிதாக வரும் தேவைக்காகப் பெரிய வண்டியை வாங்கிவிட்டு, மாதந்தோறும் அதன் தவணைக்காகப் பிள்ளைகளின் கல்விச் செலவைக் குறைக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம்.